தனக்கா பூசிய ஜாக்கி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெண்களில் முதல் ஆள் என்று சொல்லவில்லை, ஆண்களையும் சேர்த்துத்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மாவுக்கும் வராது. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்டில் நாங்கள் இருந்த வரிசைவீட்டில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும், "எம் பொண்ணு படிச்சுச் சொல்லுவா, கொண்டாங்க" என்று அவளே முந்திக்கொண்டு கையை நீட்டுவாள்.

என்னைப் படிக்க வைத்தது அம்மாவின் இட்லி. அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. அந்தச் சம்பளம் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது அம்மா காலையில் ரயில் லைன் ஓரத்தில் அவித்து விற்ற இட்லியிலிருந்து. அதனால் அம்மாவின் வியாபாரத்துக்கு ஒன்று என்றால் அது என் காரியமும்தான் என்ற எண்ணம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

அந்த வியாபாரத்துக்கு ஒருநாள் சக்கரம் முளைத்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பழைய லாரி வைத்து நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நில அளவைக்காக ஊர் ஊராகச் சுற்றிய ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது தன் முகாம் வண்டியை விட்டுப் போயிருந்தார். மோட்டாருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி அது. இரண்டே சக்கரம். மேலே மரத்தால் ஆன சின்ன அறை, இரண்டு ஜன்னல், மடக்குக் கட்டில், கீழே கட்டித் தொங்கவிட்ட ஒரு மாற்றுச் சக்கரம். மாமாவும் அம்மாவும் சேர்ந்து அதை வாங்கினார்கள். துரை படுத்த கட்டில் இருந்த இடத்தில் அம்மா கரியடுப்பு வைத்தாள். ஒரு ஜன்னலைப் பெரிதாக்கி அதில் பலகை போட்டாள். திருவிழா நடக்கிற ஊருக்கு லாரி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால், ஜன்னல் வழியாக இட்லியும் வடையும் சூடாக வெளியே வரும். லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வந்ததால் நாங்கள் அதை வால்வண்டி என்று கூப்பிட்டோம்.

அப்பாவுக்கு வால்வண்டி பிடிக்கவில்லை. ரப்பரில் ஓடும் எதையும் அவர் நம்பமாட்டார்.

"தண்டவாளத்துல எங்கயாவது பஞ்சர் ஆனதா கேள்விப்பட்டிருக்கியா?" என்பார்.

"தண்டவாளம் கோயில் வாசலுக்குப் போகுமா?" என்பாள் அம்மா.

அப்பா சொன்னது பங்குனியில் பலித்தது. பெகு போகும் சாலையில் தமிழ் விவசாயிகள் இருக்கும் ஒரு கிராமத்தில் தீமிதி. அம்மா, மாமா, நான் மூவரும் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் வால்வண்டியின் இடது டயர் உட்கார்ந்துவிட்டது. மாற்றுச் சக்கரம் இருந்தது. லாரியின் ஜாக்கியும் இருந்தது. பல்லுப்பல்லாக ஏறும் உயரமான ஜாக்கி அது. லாரிக்குச் சரி. ஆனால் வால்வண்டி தாழ்ந்த வண்டி. டயரில் காற்றுப் போனதும் அச்சு இன்னும் தாழ்ந்துவிட்டது. ஜாக்கியின் தலை அச்சுக்கு அடியில் நுழையவே இல்லை, நான்கு விரல் இடித்தது. மாமா பள்ளம் தோண்டப் பார்த்தார். பங்குனி வெயிலில் அந்த மண் செங்கல்லாகக் கிடந்தது. கடைசியில் வண்டியிலிருந்த சாமானையெல்லாம் இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, வயலிலிருந்து ஆட்கள் மூங்கிலோடு வந்து வண்டியை நெம்பித் தூக்கினார்கள். நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது பூக்குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டிருந்தார்கள். மாவு புளித்துப் பொங்கி பானைக்கு வெளியே வழிந்திருந்தது. அம்மா பானையை வாய்க்காலில் கவிழ்த்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சோற்றில் கை வைத்தபடி, "வயசுப் பொண்ணோட ரோட்டுல நின்னிருக்கீங்க. இன்னொரு தடவை இப்படி நின்னா வண்டியை வித்துடணும். இது பேச்சுக்குச் சொல்றதில்லை" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆக, வால்வண்டி எங்களிடம் இருக்குமா போகுமா என்பது ஒரு ஜாக்கியின் கையில் இருந்தது.

"சின்னதா ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்றார் மாமா.

"எவ்வளவு சின்னது?" என்று கேட்டேன்.

மாமா இரண்டு கையையும் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டபோது அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மாறியிருந்தது. நான் சாக்குத் தைக்கிற சணல் கயிறு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். தரையிலிருந்து அச்சு வரை பிடித்தேன். பிடித்த பிறகுதான் நான் அளப்பது காற்று நிறைந்த டயர் என்பது உறைத்தது. நல்ல டயரை மாற்றுவதற்கா ஜாக்கி வாங்குகிறோம்? வெளியே வந்து, டயரின் மூடியைத் திருகி, காற்றைத் திறந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு மாமா லாரியிலிருந்து குதித்தார்.

"அடிப் பாவி! இப்பதானே மூச்சுமுட்ட அடிச்சு வெச்சேன்! அக்கா, உன் படிச்ச பொண்ணு செய்யிற வேலையைப் பாரு!"

"அவ ஏதாவது காரணமாத்தான் செய்வா" என்றாள் அம்மா. காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டயர் தரையோடு படிந்ததும் மறுபடியும் அளந்து ஒரு முடிச்சுப் போட்டேன். ஜாக்கி இதற்குக் கீழே அடங்க வேண்டும். பிறகு மாமாவைக் கெஞ்சி மறுபடியும் காற்றடிக்கச் சொன்னேன். மாட்டப்போகும் மாற்றுச் சக்கரம் காற்றோடு பெரிதாக இருக்கும் அல்லவா? அது உள்ளே போக அச்சு எவ்வளவு உயர வேண்டுமோ, அதற்கு மேல் இரண்டு விரல் விட்டு இன்னொரு முடிச்சுப் போட்டேன். மாமா பம்பை மிதித்துக்கொண்டே, "ரெண்டு முடிச்சுப் போட இவ்வளவு மூச்சா? தாலிக்கே மூணு முடிச்சுதான்" என்றார்.

அந்தக் கயிற்றோடு மூவரும் மொகல் தெரு பக்கம் இருந்த இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். மாமாவுக்குப் பழக்கமானவர். உள்ளே நுழைந்ததுமே மாமாவின் கண் உயரமான ஒன்றின் மேல் போய் நின்றது. எங்கள் லாரியில் இருந்ததன் அண்ணன் மாதிரி ஒரு நெம்பு ஜாக்கி. கைப்பிடியை அமுக்கினால் டக் டக் என்று ஏறியது.

"சத்தத்தைப் பாரு அக்கா. இதுல்ல ஜாக்கி!"

நான் கயிற்றைப் பக்கத்தில் பிடித்தேன். கீழ்முடிச்சுக்கு மேலே அதன் தலை ஒரு சாண் நின்றது.

"பாய், இது வேண்டாம்" என்றேன்.

"பாப்பா கயிறு போட்டு ஜாக்கி பாக்குதே! தையக்காரர் வீட்டுப் பொண்ணா?" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்ததை எடுத்தார். மணி கவிழ்த்து வைத்த மாதிரி அடி அகன்ற திருகு ஜாக்கி. பச்சை வர்ணம், பார்க்க லட்சணம். அம்மாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கீழ்முடிச்சுக்கு அடங்கியது. முழுக்கத் திருகி மேலே ஏற்றினார். மேல்முடிச்சு எட்டவில்லை.

"அடியில ஒரு கட்டையைக் கொடுத்துட்டா எட்டிரும்மா."

"கட்டை வெச்சா உள்ளே நுழையாதே பாய்."

அவர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். தூசி படிந்த ஒன்றோடு வெளியே வந்தார். அடி தட்டையாக, அகலமாக இருந்தது. வர்ணம் அங்கங்கே உரிந்திருந்தது. குட்டையாக, யாரும் கேட்காமல் கிடந்த பொருள் என்று பார்த்தாலே தெரிந்தது. கயிற்றைப் பிடித்தால் கீழ்முடிச்சுக்குத் தாராளமாகவே அடங்கியது. கம்பியில் கட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டைப் படித்தேன். எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதியிருந்தது. எங்கள் வண்டி, அடுப்பு, ஆட்டுக்கல், அம்மா எல்லாம் சேர்ந்தாலும் பாதிகூட வராது. திருகிப் பார்த்தால் ஒரு திருகு ஏறி முடிந்ததும் அதற்குள்ளிருந்து இன்னொரு திருகு ஏறியது. மேல்முடிச்சைத் தொட்டு, தாண்டியும் போனது. அதோடு ஒரு நீளமான கைப்பிடி. வண்டிக்கு அடியில் படுக்காமல் வெளியே இருந்தே சுற்றலாம்.

"இத்தனூண்டா? இதைப் போய் ஜாக்கின்னு நாலு பேர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் மாமா.

அம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு குந்தி உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு கையால் சுற்றினாள்.

கடைக்காரர் கேட்டார்: "தங்கச்சி, திருகப்போறது டிரைவர்தானே?"

"அவன் ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா? ஆட்டுக்கல் சுத்துற கைதானே பாய் இது. இதைச் சுத்தாதா?" என்றாள் அம்மா.

அதையே வாங்கினோம். வீட்டில் அப்பா அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"எங்க லைன்ல இருக்கிற ஜாக்கி எஞ்சினையே தூக்கும். யானைக்குட்டி மாதிரி இருக்கும்."

"நம்ம வண்டி எஞ்சினாப்பா?" என்றேன்.

"பார்க்கலாம்" என்று கீழே வைத்தார்.

மழைக்காலம் முழுக்க வால்வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மழை விட்டதும் ஆயுதபூஜை வந்தது. லாரியின் ஸ்டார்ட்டிங் கம்பி, அருவாமணை, கரண்டி, என் புத்தகங்கள், அப்பாவின் சிவப்புக்கொடி, பச்சைக்கொடி எல்லாவற்றையும் அம்மா சாமிக்கு முன்னால் அடுக்கினாள். நடுவில் ஜாக்கி. குட்டையாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று அதை முழு உயரத்துக்குத் திருகி நிறுத்தினாள். பொட்டு வைக்கப் போனால் சந்தனக்கட்டை தேய்ந்து நகம் அளவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் என் கல் இருந்தது. பர்மியப் பெண்களைப் போல நானும் காலையில் முகத்துக்குப் பூச அரைத்த தனக்கா மரப்பட்டைச் சாந்து அதில் மிச்சம் இருந்தது. அம்மா அதை வழித்தாள்.

"அம்மா, அது தனக்கா!"

"சந்தனமும் மரம், இதுவும் மரம். சாமியும் நம்மளோட பர்மாவுக்கு வந்து எவ்வளவு காலமாச்சு! தெரியாதா?"

தலையிலிருந்து அடி வரை, திருகு மேலெல்லாம் நான்கு விரலால் பட்டை போட்டு, குங்குமமும் வைத்தாள். ஜாக்கி அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மறுநாள் பூஜை முடிந்ததும் அப்படியே இறக்கித் திருகிப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குப் பர்மியர்களின் விளக்குத் திருவிழா. பெகு சாலையில் ஒரு ஊரில் பகோடா என்கிற புத்தர் கோயிலில் பெரிய கூட்டம் கூடும். அம்மா முதல் நாளே மாவு ஆட்டிவிட்டாள். கிளம்புகிற காலையில் அப்பா மேல்துண்டோடு வந்து லாரியில் முன்னால் உட்கார்ந்தார்.

"லீவு சொல்லிட்டேன். விளக்குப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

அவர் எந்த விளக்கைப் பார்க்க வருகிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாமா அன்றைக்கு மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் சாமி பெயரைச் சொன்னார். இருந்தும் மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிறகு பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தோம். அதே இடது டயர்.

அப்பா மைல்கல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு பக்கமும் முற்றப்போகிற நெல், காற்றில் ஒரே திசையில் சாய்ந்து நின்றது. சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்குள் போனால் போதும்.

நான் முன்பே மனதில் நடத்திப் பார்த்த காரியம் இது. வண்டி உருளாமல் இருக்க வலது சக்கரத்துக்கு ஆட்டுக்கல் குழவியை அண்டக்கொடுத்தோம். மழை பெய்த மண், ஜாக்கி அமுங்கிவிடும் என்று அம்மா உட்காரும் மணையை எடுத்துக் கீழே போட்டேன். தூக்கிய பிறகு சக்கரம் சுற்றும் என்பதால், தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவைக்க மாமாவிடம் சொன்னேன். "உத்தரவு துரைசாணி" என்று அவர் தளர்த்தினார். ஜாக்கியை மணைமேல் வைத்துத் தள்ளினேன். அச்சுக்கு அடியில் இடிக்காமல், இரண்டு விரல் இடம் விட்டு நுழைந்தது. நான் அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் புகையை விட்டார்.

அம்மா கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள். அசையவில்லை.

இரண்டு கையாலும் சுற்றினாள். மாமா வந்து பல்லைக் கடித்துச் சுற்றினார். ஒரு மயிரிழை நகரவில்லை. வெளியே இழுத்துப் பார்த்தோம். திருகின் இடுக்கெல்லாம் மஞ்சளாக, சுண்ணாம்பு பூசினதுபோல் இறுகிக் கிடந்தது. அங்கங்கே சிவப்பு. தனக்காவும் குங்குமமும்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நானே என் கையால..." என்று ஆரம்பித்தாள். பார்வை வால்வண்டியின் ஜன்னல் பலகைக்குப் போனது. பலகையை அவள் வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மாமா லாரியிலிருந்து எஞ்சின் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். எண்ணெய் மேலோடு வழிந்தது. கொஞ்சம் சேறானது, அவ்வளவுதான்.

"மாமா, முகத்துல பூசின தனக்காவை எண்ணெய் வெச்சா எடுக்கிறோம்?" என்றேன். "தண்ணிதானே வேணும்? வெந்நீரா இருந்தா இன்னும் சீக்கிரம் விடும்."

அம்மா எழுந்தாள். வேறு எந்த வண்டியில் போனவர்களாக இருந்தாலும் வெந்நீருக்கு வயலில் இறங்கி ஊர் தேடியிருக்க வேண்டும். எங்கள் வண்டியே அடுப்பங்கரை. சாய்ந்து நின்ற வண்டியில் அடுப்பு வைக்க முடியாது என்று கரியடுப்பை ரோட்டோரம் இறக்கி மூட்டினாள். இட்லிப் பானையை மாமா தூக்கப் போனபோது, "அதைத் தொட்டே, கையை ஒடிப்பேன்! எண்ணெய்ப் பிசுக்கை அதுலயா போடுவாங்க?" என்று ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்தாள். டின்னில் வாய்க்கால் தண்ணீர் கொதித்ததும் ஜாக்கியை மெதுவாக உள்ளே இறக்கினாள். மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள். பழக்கம் விடுமா?

மைல்கல்லிலிருந்து குரல் வந்தது. "வெந்துடுச்சான்னு குச்சி விட்டுப் பார்த்தியா?"

நாங்கள் மூவரும் திரும்பினோம். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சுருட்டை எடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "ரயில்வேயில எத்தனையோ பார்த்திருக்கேன். ஜாக்கியை அவிக்கிறவங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"தொட்டுக்கச் சட்னி இருக்கு, வர்றீங்களா?" என்றாள் அம்மா. கோபமாகத்தான் சொன்னாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டின்னில் தண்ணீர் மஞ்சளாக மாறியது. இடுக்கியால் வெளியே எடுத்து, நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். மறுபடியும் அவித்து, மறுபடியும் தேய்த்தேன். ஈரம் துடைத்து அம்மா நல்லெண்ணெய் விட்டாள். சாமிக்கு விளக்குப் போட எடுத்துவந்த நல்லெண்ணெய். மணைமேல் வைத்துக் கைப்பிடியை மாட்டி அவள் சுற்றினாள். முதல் சுற்றுக்கு முனகியது. இரண்டாவதற்கு விட்டுக்கொடுத்தது. திருகு ஏறி அச்சைத் தொட்டது. வண்டி பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். அம்மா குந்தி உட்கார்ந்து, மாவு ஆட்டும் அதே தாளத்தில் சுற்றினாள். அவளுடைய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. முதல் திருகு முடிந்து, இரண்டாவது எழுந்தது. டயர் தரையை விட்டுக் கிளம்பியது.

அப்போது மணை மண்ணில் ஒரு பக்கம் நழுவப் பார்த்தது. நான் கவனிப்பதற்குள் ஒரு கால் வந்து அதன்மேல் அழுத்தி நின்றது. அப்பாவின் கால்.

"நான் மிதிச்சுக்கிறேன். நீ சுத்து" என்றார் அம்மாவிடம்.

மேல்முடிச்சின் உயரம் வரை ஏற்றினோம். மாமா மாற்றுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டுவந்து தூக்கினார். இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. நான் விட்டிருந்த அந்த இரண்டு விரல் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் குனிந்து பார்த்த அப்பா, "கயித்தாலயா அளந்தே?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா." "ம்" என்றார். என் கல்விக்கு அதற்கு முன்னும் பின்னும் அவர் கொடுத்த பரிசுகளில் எனக்கு அதுதான் பெரிது.

வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் பகோடாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாவு பதமாகப் பொங்கியிருந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே பர்மியப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லார் கன்னத்திலும் வட்ட வட்டமாகத் தனக்கா. மாமா அவர்களைக் காட்டி, "அக்கா, இவங்களையும் அவிக்கணுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்பா தண்ணீர் சுமந்தார், இலை போட்டார். ஆட்கள் குறைந்த நேரத்தில் பகோடாவை ஒரு சுற்றுச் சுற்றி விளக்கும் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அவருக்கு வேலை. பக்கத்து ஸ்டேஷனில் அவர் ரயில் ஏறுவதாகவும், நாங்கள் மீதித் திருவிழாவை முடித்துக்கொண்டு வருவதாகவும் ஏற்பாடு. அவர் கிளம்பும்போது அம்மா வால்வண்டியின் வாசற்படியில் நின்றாள். வண்டி என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பதே கேட்பதாக இருந்தது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாமாவிடம் திரும்பினார்.

"மாப்ளே, அந்தப் பழைய டியூப்பை இன்னைக்கே ஒட்டி வெச்சிடு. மாத்துச் சக்கரம் இல்லாம ரோட்டுல போகக்கூடாது."

பிறகு அம்மாவிடம் சொன்னார்: "வரும்போது ஒரு சந்தனக்கட்டை வாங்கியாறேன். அடுத்த பூஜைக்கு ஜாக்கியோட அடிப்பக்கத்துல மட்டும் பொட்டு வை."